உள்ளங்கை அளவு பலகை, உலகத்தோடு பேச்சு!

சங்கரன்கோவில் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஆடித்தபசு. தவம் இருந்த கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்த தலம் அது.

அடுத்தபடியாக நினைவு வருவது தறிச் சத்தம். தெருவில் நடந்தால் "தடக், தடக்" என்ற ஓசை காதில் விழும்.

தறி வீடுகளில் ஒரு வேலை உண்டு. தார் சுற்றுவது. நூலைச் சிறு குழலில் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். நூல் அறக்கூடாது. சிக்கக்கூடாது.

இந்த ஊர்ப் பூச்சந்தையும் பெயர் பெற்றது. அங்கே மல்லிகை மொட்டுகளை நெருக்கி நெருக்கித் தொடுக்கிறார்கள். இடையில் ஊசி நுழையாது.

இந்த இரண்டு வேலைகளுக்கும் வேண்டியவை மூன்று. கூரிய கண். நிதானமான கை. பொறுமை.

இந்த மூன்றும் இருப்பவர்கள் இன்னொரு வேலையும் செய்யலாம். வீட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே ஒரு ரேடியோ செய்யலாம். பாட்டு மட்டும் கேட்கும் ரேடியோ அல்ல. திருப்பிப் பேசவும் கூடிய ரேடியோ!

அதன் உயிர் எல்லாம் உள்ளங்கை அளவுள்ள ஒரு பலகையில் இருக்கிறது. அந்தப் பலகையில் நெருக்கித் தொடுத்த பூச்சரம் போல, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு சாமான்கள் உட்கார்ந்திருக்கும். ஒன்று இடம் மாறினாலும் ரேடியோ ஊமை!

சம்பளம் இல்லாத வேலை

வானொலி நிலையம் பேசுகிறது; நாம் கேட்கிறோம். இது எல்லோருக்கும் தெரிந்த ரேடியோ.

இன்னொரு வகை உண்டு. அதில் இருவரும் பேசலாம், இருவரும் கேட்கலாம். இதற்கு "அமெச்சூர் ரேடியோ" என்று பெயர். "ஹாம் ரேடியோ" என்றும் சொல்வார்கள்.

அமெச்சூர் என்றால் சம்பளத்துக்காக அல்லாமல், ஆசைக்காக ஒரு காரியத்தைச் செய்பவர். உலகம் எங்கும் லட்சக்கணக்கானவர்கள் இந்த ஆசை கொண்டவர்கள். மாணவர்கள் உண்டு. ஓய்வு பெற்றவர்கள் உண்டு. பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் இவர்களில் ஒருவர்.

ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஓர் அடையாளப் பெயர் கொடுக்கும். இந்தியர்களின் அடையாளப் பெயர் பெரும்பாலும் "வி.யு." என்று தொடங்கும். ராஜீவ் காந்தியின் அடையாளப் பெயர் வி.யு.2 ஆர்.ஜி. அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இதில் வியாபாரம் பேசக்கூடாது. சினிமாப் பாட்டுப் போடக்கூடாது. பேசுவது எதிரிகளாக இருந்தாலும் நண்பர்களாக இருந்தாலும் மரியாதையாகப் பேச வேண்டும்.

எழும்பூரில் தொடங்கிய கதை

தமிழ்நாட்டில் ரேடியோ ஒலித்ததே ஓர் அமெச்சூர் முயற்சியால்தான்.

சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் இருந்தபோது ரேடியோவில் ஆசை கொண்டார். ஊர் திரும்பும்போது தங்க நகையோ பட்டுத் துணியோ கொண்டுவரவில்லை. ரேடியோ சாமான்களைக் கொண்டுவந்தார்! அவற்றை ஒன்றோடு ஒன்று இணைத்து, 40 வாட் சக்தி உள்ள ஒலிபரப்புக் கருவியைச் செய்தார்.

1924-ஆம் ஆண்டு மே மாதம் "சென்னை மாகாண ரேடியோ கிளப்" தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31-ந் தேதி எழும்பூரில் இருந்து ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அகில இந்திய வானொலி என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கிளப் நடந்தது. பிறகு பணமுடை வந்தது. 1927-ல் ஒலிபரப்பு நின்றது. கிளப்பார் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி ரிப்பன் மாளிகையில் இருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது. மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தார்கள். ரேடியோ வாங்க வசதி இல்லாதவர்கள் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள்.

1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. அந்த நிலையத்துக்கு முன்னோடி, ஒரு மனிதர் ஆசையோடு இணைத்த சில சாமான்கள்தான்.

பீரோவும் தீப்பெட்டியும்

அந்தக் காலத்து ரேடியோவில் வால்வுகள் இருந்தன. கண்ணாடிக் குமிழுக்குள் கம்பி சிவந்து எரியும். சூடு வந்த பிறகுதான் பேச்சு வரும். ஒலிபரப்புக் கருவி ஒரு பீரோ அளவு இருக்கும். சாமான்களுக்கு நடுவே கையை விட்டு வேலை செய்யலாம்.

1947-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வு செய்த வேலையை ஒரு பயறு அளவுப் பொருள் செய்தது! எரியும் கம்பி இல்லை. உடையும் கண்ணாடி இல்லை.

கம்பிகளைத் தாறுமாறாக இழுப்பதற்கும் முடிவு வந்தது. பலகையிலேயே செம்புக் கோடுகளைப் பதித்தார்கள். சாமானின் கால்களைத் துளையில் நுழைத்து, பின்புறம் ஈயத்தால் பற்றவைத்தால் போதும். ஆஸ்திரியாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்பவர் 1936-ல் இங்கிலாந்தில் இருந்தபோது, இந்த முறையில் ஒரு ரேடியோவைச் செய்து காட்டினார்.

1958-ல் ஜாக் கில்பி என்ற பொறியாளர், பல சாமான்களை ஒரே சில்லில் அடக்கிக் காட்டினார். அதுதான் "ஐ.சி."

பீரோ பெட்டியாயிற்று. பெட்டி தீப்பெட்டியாயிற்று. சாமான் சுருங்கச் சுருங்க, கைக்கு வேலை கடினமாயிற்று. கால் இடுக்கு, மில்லி மீட்டர் கணக்குக்கு வந்துவிட்டது.

குழாய் வாஷரில் ரேடியோ!

ஐதராபாத்தில் அஷார் ஃபர்ஹான் என்ற அமெச்சூர் இருக்கிறார். அவருக்கு ஒரு கவலை இருந்தது.

வெளிநாட்டுக் கருவிகள் விலை அதிகம். இந்திய மாணவன் எப்படி வாங்குவான்? செய்து பார்க்கலாம் என்றால், வெளிநாட்டுப் புத்தகங்களில் சொல்லும் சாமான்கள் இங்கே கிடைப்பதில்லை.

"நம் ஊர்க் கடையில் கிடைப்பதைக் கொண்டே செய்தால் என்ன?" என்று அவர் யோசித்தார். 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் "பிட்எக்ஸ்" என்ற ரேடியோவை வடிவமைத்தார். ரேடியோ ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர்களே அதில் இருந்தன. ஒரு காயிலைச் சுற்றுவதற்கு அவர் எடுத்தது என்ன தெரியுமா? தண்ணீர்க் குழாயில் போடும் வாஷர்!

அதில் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. ஒற்றை ரயில் பாதையில் போகிற ரயிலும் வருகிற ரயிலும் ஒரே தண்டவாளத்தில்தானே ஓடுகின்றன? அதுபோல், பேசும்போது ஒரு திசையிலும் கேட்கும்போது எதிர்த் திசையிலும், ஒரே சாமான்களின் வழியாக மின் அலை போகும்படி செய்தார். சாமான் மிச்சம். விலையும் மிச்சம்.

அதன் சக்தி 6 வாட். வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு தின்னும் மின்சாரத்தைவிடக் குறைவு. அதை வைத்துக்கொண்டு கடல் கடந்து பேசினார்கள்!

அவர் செய்முறையை மூடி மறைக்கவில்லை. எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். பல நாடுகளில் அதைப் பார்த்துச் செய்தார்கள். 2016-ல் "பிட்எக்ஸ் 40" என்ற பெயரில் அது தயார்ப் பலகையாகவும் வந்தது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் சம்மர்ஸ் என்பவரும் இப்படி ஒரு முயற்சி செய்தார். 2017-ல் இங்கிலாந்தில் கில்வெல் பார்க் என்ற இடத்தில் இளைஞர் முகாம் நடந்தது. அங்கே வந்த பிள்ளைகள் தாங்களே செய்து பழகுவதற்காக அவர் ஒரு ரேடியோவை வடிவமைத்தார். அதற்குப் பெயர் "கியூ.சி.எக்ஸ்." பேச்சுக்குப் பதில் "கட்டுக் கட" என்று தந்தி ஒலி அனுப்பும் கருவி அது. பின்னாளில் அதையே சட்டைப் பையில் அடங்கும்படி சுருக்கினார்.

இவற்றையெல்லாம் "கிட்" என்று விற்கிறார்கள். ஒரு பலகை, சில பொட்டலம் சாமான், செய்முறைக் குறிப்பு. அவ்வளவுதான். ரேடியோவை வாங்குபவரே செய்துகொள்ள வேண்டும்.

பொட்டலத்தைப் பிரித்தால்...

சங்கரன்கோவிலில் தறி ஓடும் வீடு ஒன்றில் பிளஸ் ஒன் படிக்கும் மாணவிக்கு இப்படி ஒரு கிட் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அவள் முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஈயத்தைச் சூடாக்குவதல்ல. எண்ணுவது!

ஒரு வெள்ளைத் தட்டில் சாமான்களைக் கொட்டி, இனம் பிரிக்க வேண்டும். ரெசிஸ்டர் ஒரு பக்கம், கண்டன்சர் ஒரு பக்கம், டிரான்சிஸ்டர் ஒரு பக்கம். குறிப்பில் உள்ள கணக்கும் கையில் உள்ள கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

ரெசிஸ்டரில் எண் எழுதியிருக்காது. வண்ணக் கோடுகள் இருக்கும். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. மஞ்சள், ஊதா, சிவப்பு என்று இருந்தால் 4, 7, பிறகு இரண்டு சைபர். அதாவது 4700 ஓம். சிவப்பை ஆரஞ்சு என்று தவறாகப் படித்தால் 47,000 ஆகிவிடும். பத்து மடங்கு வித்தியாசம்! ஆகையால் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரில் அளந்து பார்க்கலாம்.

அடுத்தது வரிசை. குள்ளமான சாமானை முதலில் வைக்க வேண்டும். உயரமானதைக் கடைசியில் வைக்க வேண்டும். உயரமானது முன்னால் உட்கார்ந்துவிட்டால், அதன் அடியில் உள்ள துளைக்குக் கை போகாது. பந்தியில் குழந்தைகளை முன் வரிசையில் உட்கார வைப்பது போலத்தான்.

சில சாமான்களுக்குத் திசை உண்டு. ஐ.சி.யின் ஒரு முனையில் சிறு வெட்டு இருக்கும். அது பலகையில் வரைந்துள்ள வெட்டுக்கு நேராக இருக்க வேண்டும். டையோடில் கோடு இருக்கும். பெரிய கண்டன்சரில் ஒரு பக்கம் கழித்தல் குறி இருக்கும். அதைத் தலைகீழாக வைத்தால் சூடேறி வெடித்துவிடும்.

ஒரு துளி ஈயம்

இனிமேல்தான் கைக்குச் சோதனை.

ஐ.சி.யின் இரு கால்களுக்கு நடுவே உள்ள தூரம் இரண்டரை மில்லி மீட்டர். ஓர் அரிசியின் குறுக்களவுக்குச் சற்று அதிகம். சில பலகைகளில் அதிலும் பாதிதான். கடுகு அளவே உள்ள சாமான்களும் உண்டு. அவற்றை விரலால் எடுக்க முடியாது. சாமணத்தால் எடுக்க வேண்டும். பெருமூச்சு விட்டால் பறந்துவிடும்!

சூட்டுக்கோலின் முனையைச் சாமானின் காலும் பலகையின் செம்பு வளையமும் சேரும் இடத்தில் வைக்க வேண்டும். ஒரு விநாடி கழித்து ஈயக் கம்பியை அந்த இடத்தில் தொட வேண்டும். ஈயம் உருகிப் படரும். உடனே இரண்டையும் எடுத்துவிட வேண்டும். மொத்தம் இரண்டு மூன்று விநாடி வேலை.

நன்றாகப் பற்றிய ஈயம் பளபளப்பாக, சிறு மலைச் சரிவு போல இருக்கும். உருண்டையாக நின்றால் அது பற்றவில்லை. மேலே ஒட்டியிருப்பது போலத் தெரியும். உள்ளே தொடர்பு இருக்காது. ரேடியோ இன்று பேசும், நாளை பேசாது.

ஈயம் அதிகமானால் வேறு ஆபத்து. பக்கத்துக் காலைத் தொட்டுவிடும். தலைமுடி அளவு ஈயம் இரண்டு கால்களை இணைத்துவிட்டால், மின்சாரம் குறுக்கு வழியில் பாயும். ஒரு வார உழைப்பு ஒரு விநாடியில் புகையாகிவிடும்!

ஆகையால் ஒவ்வொரு பத்துப் பற்றுக்கும் ஒருமுறை நிறுத்த வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பலகையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்க்க வேண்டும்.

சூட்டுக்கோல் முனையின் வெப்பம் 300 டிகிரிக்கு மேல். சிறு குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், புகையை முகரக்கூடாது. ஈயம் நஞ்சு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக்கூடாது.

ஆச்சி அறிந்த வித்தை

பலரும் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. அது காயில் சுற்றும் இடம்.

காயில் என்பது ஒரு சிறு வளையம். குறுக்களவு ஒரு சென்டி மீட்டர்கூட இராது. அதன் துளை வழியாக மெல்லிய செம்புக் கம்பியைக் கோத்துக் கோத்துச் சுற்ற வேண்டும். குறிப்பில் 20 சுற்று என்று சொன்னால் 20 சுற்றுத்தான். 19 ஆனாலும் தவறு. 21 ஆனாலும் தவறு. கம்பி ஒருமுறை துளைக்குள் நுழைந்தால் ஒரு சுற்று என்று கணக்கு.

தார் சுற்றி நரைத்துப்போன ஆச்சி அந்த வீட்டில் இருந்தால், "ஏளா, அவசரப்படாத. எண்ணி எண்ணிச் சுத்து" என்று சொல்லாமல் இருப்பாளா? ஆச்சிக்கு ரேடியோ தெரியாது. ஆனால் இந்த வேலை தெரியும்!

சுற்றியது சரியாக இருந்தும் ரேடியோ பேசாமல் போவது உண்டு. காரணம் என்ன? அந்தச் செம்புக் கம்பி வெறும் செம்பு அல்ல. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு உண்டு. சுற்றுகள் ஒன்றை ஒன்று தொட்டாலும் மின்சாரம் தாவாமல் காப்பது அதுதான். கம்பியின் இரு முனைகளிலும் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்த பிறகே பற்றவைக்க வேண்டும். சுரண்டாமல் வைத்தால், ஈயம் பிடித்தது போலத் தெரியும், மின்சாரம் போகாது. பிழை தேடி இரண்டு நாள் தூக்கம் கெட்டவர்கள், கடைசியில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

எல்லாம் முடிந்ததும் உடனே பாட்டரியை மாட்டக்கூடாது. மல்டிமீட்டரை வைத்துக் குறுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு 12 வோல்ட் கொடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பாட்டரியே போதும். வழியில் ஒரு சிறு ஃபியூஸ் இருக்க வேண்டும். பிழை இருந்தால் பத்து ரூபாய் ஃபியூஸ் போகட்டும், பலகை தப்பட்டும்!

மாடியில் ஒரு கம்பி

பலகை மட்டும் போதாது. ஏரியல் வேண்டும்.

7 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 40 மீட்டர். அதில் பாதி, அதாவது 20 மீட்டர் கம்பி வேண்டும். நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10 மீட்டராக மாடியில் கட்டலாம். துணி காயப்போடும் கொடி போலத்தான் இருக்கும்.

சிறு சக்தி எப்படித் தூரம் போகிறது? பூமிக்கு மேலே நூறு கிலோ மீட்டருக்கு அப்பால், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்குகள் உள்ளன. சிற்றலை அங்கே மோதித் திரும்புகிறது. சுவரில் எறிந்த பந்து போல மறுபடி பூமிக்கு வருகிறது. பகலில் 7 மெகா ஹெர்ட்ஸ் அலை சில நூறு கிலோ மீட்டர் போகும். இரவில் ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் போகும்.

ஏரியல் இல்லாமல் பேசும் பொத்தானை அழுத்தக்கூடாது. வெளியே போக வழி இல்லாத சக்தி, டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். இடி மின்னல் வரும்போது கம்பியைக் கழற்றிவிட வேண்டும். ஐப்பசி மாத இடி யாருக்கும் இரக்கம் காட்டாது.

உரிமம் இல்லையேல் குற்றம்

செய்துவிட்டோம் என்பதற்காக உடனே பேசிவிட முடியாது. மத்திய அரசின் உரிமம் வேண்டும். அதற்குத் தேர்வு எழுத வேண்டும். பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளைகளும் எழுதலாம் என்பது விதி. மின்சாரம், ரேடியோ, சட்ட விதிகள் ஆகியவற்றில் கேள்விகள் வரும். உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம்.

இந்தக் கண்டிப்பு ஏன்? கட்டுப்பாடு இல்லாமல் பேசினால் விமானத்துக்கும் கப்பலுக்கும் போகும் செய்தி கெடும். ரேடியோவின் பலத்தை அரசாங்கங்கள் எப்போதும் அறிந்தே இருந்தன.

1939-ல் உலகப் போர் மூண்டதும், பிரிட்டிஷ் அரசு இந்திய அமெச்சூர்களின் உரிமங்களை ரத்து செய்தது. கருவிகளை ஒப்படைக்கச் சொன்னது.

பம்பாயில் நாரிமன் பிரிண்டர் என்ற அமெச்சூர் இருந்தார். 1942-ல் "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் வெடித்தது. தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டிருந்தது. அப்போது நாரிமன் பிரிண்டரின் கைத்திறனைக் கொண்டு ஒரு ரகசிய ஒலிபரப்புக் கருவி உருவாயிற்று. ஆகஸ்ட் 27-ந் தேதி "காங்கிரஸ் ரேடியோ" பேசியது. 42.34 மீட்டரில் அதைக் கேட்கலாம் என்று அறிவித்தார்கள்.

அதில் பேசியவர்களில் ஒருவர் 22 வயது உஷா மேத்தா. போலீசார் தேடத் தேட, கருவி வீடு வீடாக மாறியது. நவம்பர் 12-ந் தேதி அகப்பட்டார்கள். காட்டிக் கொடுத்தது யார்? கருவி செய்த கையே காட்டிக் கொடுத்தது! உஷா மேத்தா 1946-ல்தான் விடுதலையானார்.

போர் முடிந்த பிறகு அமெச்சூர்களுக்கு மறுபடி உரிமம் கிடைத்தது. நாடு விடுதலை அடைந்த பின், 1948-ல் மோவ் நகரில் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் பிறந்தது.

கடல் பொங்கிய நாள்

"கையில் செல்போன் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி அதற்குப் பதில் சொல்லிற்று.

பாரதி பிரசாத் ஓர் இல்லத்தரசி. அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றவர். அந்தமானில் இருந்து பேச அமெச்சூர்களுக்குப் பல ஆண்டுகளாக அனுமதி கிடைக்கவில்லை. அவர் விடாமல் முயன்றார். அனுமதி கிடைத்தது. அந்த டிசம்பர் மாதம் ஒரு குழுவோடு அன்றைய போர்ட் பிளேர், இன்றைய ஸ்ரீ விஜயபுரம் நகருக்குப் போனார். உலக அமெச்சூர்கள் அந்தமானோடு பேச ஆவலாகக் காத்திருந்தார்கள். திருவிழாப் போலப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

26-ந் தேதி காலையில் பூமி நடுங்கியது. கடல் பொங்கியது. தொலைபேசி செத்தது. தீவுகளில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று சொல்ல வழி இல்லை.

பாரதி பிரசாத் பொழுதுபோக்கை நிறுத்தினார். அதே கருவியில் உதவிச் செய்தி அனுப்பத் தொடங்கினார். குழுவினரில் சிலர், பேரழிவுக்கு ஆளான கார் நிக்கோபார் தீவுக்கே கருவியோடு போனார்கள். "உங்கள் மகன் பிழைத்திருக்கிறான்", "உங்கள் அண்ணன் பத்திரம்" என்ற செய்திகள் தாய்நாட்டில் தவித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு ரேடியோ வழியாக வந்து சேர்ந்தன.

அந்தக் கருவிகள் தொழிற்சாலையில் செய்தவைதான். ஆனால் கருவி மட்டும் வேலை செய்துவிடாது. கம்பியை எங்கே கட்டுவது, எந்த நேரத்தில் எந்த அலை போகும், பழுது வந்தால் எங்கே பார்ப்பது என்று அறிந்த ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்குவது எது? வீட்டு மேஜையில் ஈயப் புகைக்கு நடுவே பெற்ற பழக்கம்!

செல்போன் பேச கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். புயல் வந்தால் இரண்டும் போகும். கையால் செய்த ரேடியோவுக்கு வேண்டியது ஒரு பாட்டரி, ஒரு கம்பி, ஒரு மனிதர். கடையில் வாங்கிய பெட்டி கெட்டால் கடைக்குப் போக வேண்டும். தானே செய்த பலகை கெட்டால், எந்தக் கால் எங்கே போகிறது என்று செய்தவருக்குத் தெரியும்.

முதல் குரல்

2025-ஆம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, விண்வெளி நிலையத்தில் இருந்த சுபான்ஷு சுக்லா, இந்திய மாணவர்களோடு பேசினார். எதன் மூலம்? ஹாம் ரேடியோ மூலம்! எழும்பூரில் 1924-ல் தொடங்கிய ஆசை, வானத்துக்கே போய்விட்டது.

சங்கரன்கோவில் மாணவிக்கு முதல் நாளே விண்வெளி வேண்டாம். தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, மாடியில் கம்பி கட்டி, ஓர் இரவு பாட்டரியை மாட்டட்டும்.

முதலில் "ஸ்ஸ்" என்று இரைச்சல் வரும். மழை பெய்வது போல இருக்கும். குமிழை மெதுவாகத் திருப்ப வேண்டும். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் எழும். திருச்சியோ, கொழும்போ, அதற்கும் அப்பாலோ!

அவள் தன் அடையாளப் பெயரைச் சொல்லுவாள். ஒரு விநாடி மௌனம். அந்த ஒரு விநாடியில் அவள் பற்றவைத்த அத்தனை துளி ஈயமும் பரீட்சை எழுதும்.

பிறகு முன்பின் தெரியாத அந்தக் குரல், அவள் பெயரைத் திருப்பிச் சொல்லும்.

கதவோரம் தார் சுற்றிக்கொண்டிருக்கும் ஆச்சியும் அதைக் கேட்டுவிட்டு, நூலை ஒரு நிமிஷம் நிறுத்துவாள்.